ஸ்கேனரில் வைத்த ஜடை

எனக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. பிழைப்பு என்னவோ அடுத்தவர்களுக்கு முடி வைப்பது. சிரிக்க வேண்டுமானால் இப்போதே சிரித்துக்கொள்ளலாம், நான் எப்போதோ சிரித்து முடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வருமே, பெண்ணும் மாப்பிள்ளையும் பொம்மைகளாக நடந்து வந்து, கும்பிட்டு, ‘அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க’ என்று சொல்வார்களே, அந்தப் பொம்மைகளைக் கணினியில் செய்பவள் நான். விழுப்புரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் ஆர்டர் பிடித்து அனுப்புவார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து நான் முகம் வைத்து, புடவை கட்டி, நகை போட்டு, கடைசியாக முடி வைப்பேன்.

முடித்த வீடியோ எதுவானாலும் முதலில் பார்ப்பது அம்மாதான். மூக்குத்தி பக்கம் மாறியிருக்கிறது, புடவை மடிப்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது, மாப்பிள்ளை வேட்டியில் நடக்கிற நடையா இது என்று ஏதாவது ஒன்று அவளுக்கு அகப்பட்டுவிடும். அவள் சொல்கிற குறையை எல்லாம் சரிசெய்த பிறகுதான் ஸ்டுடியோவுக்கு அனுப்புவேன். அம்மா சரி என்றால் ஊரே சரி என்ற மாதிரி.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அம்மா முதலில் பேசியது மண்டபத்தைப் பற்றி இல்லை, வீடியோவைப் பற்றி.

“ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் செஞ்சிக் குடுக்கிற. உனுக்கு இடுப்புக்குக் கீழ தொங்கற மாதிரி ஜடை வெச்சி, குஞ்சம் வெச்சி, பூ வெச்சி ஜோரா செய்யி. பாக்கறவங்க வாய மூடிக்கினு போவணும்.”

நிச்சயத்தைச் சின்னதாக, வீட்டு ஆட்களோடு முடித்திருந்தோம். கல்யாணத்துக்கு ஒரு விக் வாங்கி மேடையைச் சமாளித்துவிடலாம் என்பது அம்மாவின் கணக்கு. அதற்கு முன்னால் வீடியோ போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருடைய போனிலும் நான் எந்தத் தலையோடு போய் நிற்கப்போகிறேன் என்பதுதான் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. ஜடையோடுதான் என்று அம்மா நினைத்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆசை என்றால் கொஞ்சநஞ்ச ஆசை இல்லை.

‘கூந்தல் உள்ள மகராசி அள்ளி முடிகிறாள்’ என்பார்கள். ஒரு காலத்தில் நானும் மகராசிதான். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புழுவெட்டு வந்தது. பிறகு இன்னொன்று. வட்டங்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு சில மாதங்களில் தலையைச் சுத்தமாக்கிவிட்டன. உடம்பு தன் முடியையே எதிரி என்று நினைத்துக்கொள்கிற வியாதி, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அம்மா விடவில்லை. சின்ன வெங்காயத்தை நசுக்கித் தலையில் தேய்த்தாள். ஆறு மாதம் என் தலை தாளிப்பு வாசனை அடித்ததுதான் மிச்சம்.

பிறகு ஸ்கார்ஃப் கட்டப் பழகினேன். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வசதி உண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாக்கள் என் தலையைப் பார்த்துவிட்டு அவர்களே விடையையும் வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

“மயிலத்துல மொட்ட போட்டியாம்மா?”

“ஆமாங்க.”

“வேண்டுதலா?”

“ஆமாங்க.”

“நெறவேறிச்சா?”

“பாதிதாங்க.”

அதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். மயிலத்து முருகனுக்கு என்னைப்போல வருஷம் முழுக்க முடி கொடுத்த பக்தை வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனால் என் பழைய முடி முழுக்கப் போய்விடவில்லை. அதுதான் கதை.

விழுப்புரத்தில் காலேஜ் கடைசி வருஷம் படித்தபோது, ப்ராஜெக்டுக்காக ஒரு பெண் பொம்மைக்குக் கூந்தல் செய்ய வேண்டியிருந்தது. அப்போதெல்லாம் கணினியில் முடியை ஒவ்வொன்றாக முளைக்க வைக்க எங்கள் லேப் கம்ப்யூட்டருக்குச் சக்தி இல்லை. ரிப்பன் மாதிரி நீளநீளப் பட்டைகளைச் செய்து, அவற்றின் மேல் உண்மையான முடியின் படத்தை ஒட்டுவோம். பட்டையின் எந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எந்த இடம் தெரியக் கூடாது என்பதற்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளை தெரியும், கறுப்பு மறையும். அப்படிப் பல பட்டைகளைத் தலையில் அடுக்கினால் தூரத்திலிருந்து பார்க்கக் கூந்தல்.

நல்ல படம் வேண்டுமே. கேமராவில் எடுத்தால் நிழல் விழுந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு ஸ்கேனர் இருந்தது. நேராகப் போய், ஜடையை அவிழ்த்து, தலையைச் சாய்த்து, முடியை அந்தக் கண்ணாடி மேல் பரப்பிவிட்டேன். வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் தலைக்குக் குளித்து, காயவைத்து, பஞ்சு மாதிரி கொண்டுபோயிருப்பாள். எங்கள் வீட்டில் எண்ணெய் வைக்காமல் பெண்ணை வெளியே அனுப்புவது சோறு போடாமல் அனுப்புவதற்குச் சமம். அன்று காலையிலும் அம்மா ஒரு கை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்தித்தான் பின்னியிருந்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நுனி என்று நான் ஸ்கேன் எடுத்து முடித்தபோது கண்ணாடி பளபளவென்று இருந்தது. எனக்கு அடுத்து நின்றவரின் சாதிச் சான்றிதழ் மேலிருந்து கீழ் வரை ஒரு சாம்பல் பட்டையோடு வெளியே வந்தது.

“இன்னாம்மா இது, கண்ணாடியா தோசக்கல்லா?” என்று கடைக்காரர் கத்தினார். “ஒரே பேஜாரு பண்ணிட்டுப் போறியே!”

துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அந்தப் படங்களை வைத்து நான் செய்த கூந்தலைக் காலேஜில் பாராட்டினார்கள். பிறகு சென்னை வேலையிலும் அதைத் தேய்த்து மெருகேற்றி ஒரு கார்ட்டூன் பெண்ணுக்கு வைத்தேன். அந்த நிறுவனத்தை மூடியபோது என் வேலைகளை எல்லாம் ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டுக்கொண்டு திண்டிவனம் வந்தேன். கொஞ்ச நாளில் அந்த டிஸ்க்கும் படுத்துவிட்டது.

அதைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் லேப்டாப் பழுதுபார்க்கிற ஒரு சின்னக் கடைக்குப் போனேன். கடையை நடத்தியவருக்கு என் வயதுதான் இருக்கும். அன்று மாலையே போன் வந்தது.

“ஏங்க, உள்ள இருக்கிறதெல்லாம் எடுத்துட்டேங்க. ஆனா ஃபோல்டர் ஃபுல்லா முடியா இருக்குதே. சலூன் வெச்சிருக்கீங்களா?”

மறுநாள் கடைக்குப் போய், பதிலுக்கு ஸ்கார்ஃபைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினேன். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து நான்தான் முதலில் சிரித்தேன், பிறகு அவரும் சிரித்தார். அது என்னுடைய முடி என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்தச் சிரிப்பு வளர்ந்து வளர்ந்து இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தட்டு மாற்றிக்கொள்கிற வரைக்கும் வந்தது. அவருடைய அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “எண்ணெ செலவு மிச்சம்” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே எனக்கு மாமியாரைப் பிடித்துப்போனது.

என் கல்யாண வீடியோவுக்கு அந்த ஜடையைத்தான் வைப்பது என்று முடிவு செய்தேன். பொய் முடி இல்லையே, என் முடிதானே. இதில் யாரையும் ஏமாற்றுகிற வேலை இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பழைய கோப்பைத் திறந்து புது மென்பொருளுக்குள் கொண்டுவந்தேன். ஒரே ஒரு விளக்கு வைத்து ரெண்டர் போட்டேன், அதாவது முழுப் படமாக்கித் தரச் சொன்னேன். படம் மெல்ல மெல்லத் தெளிந்து வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பழைய மென்பொருளில் அவ்வளவு அழகாக இருந்த கூந்தல் இதில் வழவழவென்று கவிழ்த்து வைத்த பொருள் எதுவோ மாதிரி இருந்தது. அம்மா மாடிக்குக் காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி, தலையில பிளாஸ்டிக் பக்கெட்ட கவுத்து வெச்சிக்கினு இருக்கிற?”

சரியாகச் சொன்னாள். பழைய மென்பொருளுக்கு வெளிச்சம் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் பளபளப்பு வேண்டிய இடத்தில் நாங்களே அதைப் படத்தில் வரைந்து வைத்துவிடுவோம். புது மென்பொருள் அப்படி இல்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று அதுவே கணக்குப் போடுகிறது. நாம் வரைந்த பளபளப்பின் மேல் தானும் ஒரு பளபளப்பைப் போடுகிறது. ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

ஆனால் நான் பளபளப்பு எதையும் வரைந்ததாக ஞாபகம் இல்லை. ஒட்டியிருந்த படத்தைத் தனியாக எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முடிகளுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு. கொஞ்ச நேரம் முழித்த பிறகுதான் புரிந்தது. அது ஜெராக்ஸ் கடை ஸ்கேனரின் விளக்கு. அம்மா வைத்த எண்ணெயில் பட்டு மின்னிய மின்னல் அப்படியே படத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது என் பொம்மை வெயிலில் நின்றாலும், கோயிலுக்குள் நின்றாலும், தலையில் மட்டும் அந்த ஜெராக்ஸ் கடை வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த மின்னலைத் துடைப்பதுதான் முதல் வேலை. கோடு கோடாக, பக்கத்து முடியின் நிறத்தை எடுத்து மேலே பூசிக்கொண்டே போனேன். துடைத்து முடித்தபோது கூந்தல் வறண்டு தேங்காய் நார் மாதிரி ஆயிற்று. அடுத்து ஓரங்கள். மறைக்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் புது மென்பொருள் வேறு விதமாகப் படித்ததால் பட்டைகளின் ஓரமெல்லாம் சாம்பல் புகை மாதிரி தெரிந்தது. அதைக் கறாராக, வெள்ளை என்றால் வெள்ளை, கறுப்பு என்றால் கறுப்பு என்று மாற்றினேன். கறுப்பு முடி உண்மையில் கறுப்பு இல்லை, வெயில் பின்னாலிருந்து பட்டால் நுனியில் பழுப்பு தெரியும். அதனால் வெளிச்சம் கொஞ்சம் பட்டையை ஊடுருவி வரும்படி வைத்தேன். பளபளப்பு வட்டமாக விழாமல் முடியின் குறுக்கே ஒரு வளையமாக விழும்படி வைத்தேன். நெற்றி ஓரத்தில் பூனைமுடிகளைக் கையால் ஒன்றிரண்டாக நட்டேன். இதெல்லாம் சொல்லும்போது சமையல் குறிப்பு மாதிரி சுலபமாக இருக்கிறது. ஒவ்வொன்றும் நாள்கணக்கில் உயிரை வாங்கியது. ஸ்டுடியோக்காரர் போன் பண்ணி “ஜல்தி அனுப்பும்மா” என்று வேறு ஆர்டர்களுக்குக் கத்திக்கொண்டே இருந்தார்.

ஒரு பட்டையில் மட்டும் எனக்குத் தயக்கம் இருந்தது. இடது காதுக்குப் பின்னால் ஒரு முடிக்கற்றை மட்டும் குட்டையாக, சுருண்டு, எந்தப் பின்னலுக்குள்ளும் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிறந்ததிலிருந்தே அப்படி. அம்மா அதை ‘அடங்காப்பிடாரி’ என்பாள். எண்ணெய் வைத்துப் பார்ப்பாள், ஹேர்பின் குத்திப் பார்ப்பாள், கடைசியில் என் தலையில் ஒரு கொட்டு வைத்துவிட்டுப் பின்னலை முடிப்பாள். அதுவும் ஸ்கேனில் வந்திருந்தது. பிழை மாதிரிதான் தெரிந்தது, நீக்கியிருக்கலாம். நீக்க மனசு வரவில்லை.

கடைசியாக எண்ணெய். முடி முழுக்க மினுமினுப்பைக் கூட்டினால் மறுபடி பக்கெட் ஆகிவிடும். எண்ணெய் வைத்த முடி அப்படியா இருக்கும்? உச்சியில் படிந்து, நடுவில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, நுனிக்குப் போகப் போகக் குறையும். அம்மாவின் கை போன வழி அது. அந்த வழியிலேயே மினுமினுப்பை வைத்துக்கொண்டு போனேன். ரெண்டர் போட்டுவிட்டுத் காய்ந்த துணி எடுக்கப் போனவள் திரும்பி வந்து பார்த்தேன்.

ஜடை வந்திருந்தது. என் ஜடை. கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் நன்றாக அழுதேன். அதில் துக்கம் கொஞ்சமும், சாதித்துவிட்டேன் என்கிற திமிர் நிறையவும் இருந்தது.

உடனே, அம்மாவுக்குக்கூடக் காட்டாமல், எனக்கு நிச்சயமானவருக்கு வீடியோவை அனுப்பினேன். பட்டுப் புடவை, மாலை, தோளுக்கு முன்னால் எடுத்துவிட்ட ஜடை. பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வர நேரமாயிற்று.

‘சூப்பரா இருக்குதுங்க. ஆனா யாரு இது?’

எனக்கு வந்த கோபத்தை எழுதி மாளாது. போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலைப் பிடித்து விழுப்புரம் போய் இறங்கி, நேராகக் கடைக்குள் நுழைந்தேன். அவர் யாருடைய லேப்டாப்பையோ கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாருன்னா கேட்டீங்க? நான்தான் அது. அது என் முடி. நீங்க டிஸ்க்ல இருந்து எடுத்துக் குடுத்தீங்களே, எல்லாம் என் தலையில இருந்த முடி.”

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொல்லவே இல்லியே.”

“இப்ப சொல்லிட்டேன் இல்ல?”

“நான் ஒண்ணும் தப்பா கேக்கலீங்க. வீடியோவ பாத்தேன். மாப்பிள்ள நான்தான், தெரியுது. பக்கத்துல பொண்ணு அழகா வருது. நான் உங்களத் தேடிக்கினே இருந்தேன்.” ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு, “நீங்க ஜடை வெச்சாலும் சரி, வெக்காட்டியும் சரி. அது உங்க தல. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். டீ சாப்பிடறீங்களா?” என்றார்.

டீ சாப்பிட்டேன். கோபப்பட வேறு எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் காற்று நன்றாக அடித்தது. வீடியோவில் ஜடையோடு போனால் மேடையில் விக்கோடு நிற்க வேண்டும். மேடையில் விக்கோடு நின்றால் மறுவீட்டுக்கும் விக், முதல் தீபாவளிக்கும் விக். சித்திரை வெயிலில் அதைத் தலையில் சுமந்துகொண்டு, எங்கே நகர்ந்துவிட்டதோ என்று காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் தேடின பெண்ணை நானே அல்லவா ஒளித்துவைக்கப் பார்த்தேன். மயிலம் ஸ்டேஷன் வந்தபோது முடிவு செய்துவிட்டேன். இனிமேல் யார் கேட்டாலும் முருகன் மேல் பழி போடுவதில்லை.

மாடிக்குப் போனதும் என் பொம்மையின் தலையிலிருந்து ஜடையை எடுத்தேன். நான் தினமும் கட்டுகிற நீலப் பூப்போட்ட ஸ்கார்ஃபைச் செய்து கட்டினேன். கீழே இறங்கி அம்மாவிடம் காட்டினேன். அவள் முழுக்கக்கூடப் பார்க்கவில்லை.

“ஊரு முழுக்க இதப் பாத்துச் சிரிக்கணுமா? உனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“மேடையிலயும் இப்படித்தாம்மா நிக்கப்போறேன்.”

“அப்ப உன் இஷ்டத்துக்கு எல்லாத்தையும் பண்ணிக்கினு போ. என்ன எதுக்குக் கேக்குற?”

போனை என் கையிலேயே திணித்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள். அம்மா சரி சொல்லாத வீடியோவை நான் இதுவரை ஊருக்கு அனுப்பியதில்லை. என்னுடையதை அனுப்பவும் கை வரவில்லை. அவளுக்கு வெட்கம் என்று நினைத்துத்தான் எனக்கு வலித்தது.

இதற்கிடையில் வல்லம் பக்கத்து ஆர்டர் ஒன்று தாமதமாகிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு இடுப்பு வரைக்கும் ஜடை வேண்டும், கோயில் கோபுரத்தைப் பார்த்து அவள் நடந்து போகும்போது ஜடை பின்னால் ஆட வேண்டும் என்று பெண்ணின் அம்மா சொல்லியிருந்தாராம். என்னிடம் இருந்த மற்றக் கூந்தல்கள் எல்லாம் இன்னும் பக்கெட்டுகளாகத்தான் இருந்தன. தேறியது ஒன்றே ஒன்று, என் ஜடை. சும்மா கிடப்பதற்கு ஒரு பெண் வைத்துக்கொள்ளட்டுமே என்று அதையே எடுத்து அவளுக்கு வைத்தேன், குஞ்சம் கட்டி, கனகாம்பரம் சுற்றி. முடி கொடுத்தேன் முடி கொடுத்தேன் என்று இத்தனை வருஷம் பஸ்ஸில் சொன்னது ஒரு வழியாக நிஜமாயிற்று.

வழக்கம்போல அதை அம்மாவிடம் கொண்டுபோனேன். தரையில் முறம் வைத்து வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, உடைத்துக்கொண்டிருந்தாள். என்னுடைய வீடியோ இல்லை என்று சொன்ன பிறகுதான் போனை வாங்கினாள்.

“பொடவ நல்லா கீது. வளையல் பத்தல, இன்னும் ரெண்டு போடு.”

பொம்மைப் பெண் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்து நடந்தாள். ஜடை ஆடியது. அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். கையில் இருந்த மல்லாட்டை முறத்தில் விழுந்தது.

“இந்த எடது பக்கம் ஒண்ணு தனியா நீட்டிக்கினு நிக்குதே.”

“ஆமாம்மா.”

“அடங்காப்பிடாரி!”

அம்மா போனையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது எப்படிடி இதுல வந்துது?”

ஜெராக்ஸ் கடைக் கதையைச் சொன்னேன். தோசைக்கல் என்று அந்த ஆள் கத்தியதையும் சொன்னேன். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மல்லாட்டைத் தூசி பட்ட போனையும் அதே முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தாள். அந்தப் பெண் திரும்புகிற இடம் வந்ததும் விரலால் நிறுத்தினாள். ஜடையை மேலிருந்து கீழ் வரை, பின்னிக்கொண்டு வருகிற மாதிரி, பார்த்துக்கொண்டே வந்தாள்.

“பத்தரமா வெச்சிருந்திருக்கிறியே” என்றாள். “நான் போயே போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

வெட்கம் என்று நான் நினைத்தது வெட்கமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் போன முடி அவளுக்கும் போயிருந்தது. நான் ஸ்கார்ஃப் கட்டி, பஸ்ஸில் கேலி பேசி, ஒருவழியாக அதைத் தாண்டி வந்துவிட்டேன். தினமும் காலையில் பின்னிவிட்ட கைக்கு அப்படி ஒரு வழியும் கிடைக்கவில்லை.

“இந்தப் பொண்ணு எந்த ஊரு?”

“வல்லம் பக்கம்.”

“நல்லா இருக்கட்டும்.” போனை என்னிடம் நீட்டி, “உன்னுத எடு” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை முழுக்கப் பார்த்தாள். நானும் அவரும் நடந்து வந்து கும்பிடுகிற வரைக்கும் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

“கட்டியிருக்கிறது பட்டுப் பொடவ. தலையில இன்னா காட்டன் துணி? சாணி தட்டப் போற மாதிரி! பொடவைக்கு ஏத்தா மாதிரி அரக்குல ஒரு பட்டு எடுத்துக் கட்டு. ஜரிக நெத்திக்கு மேல வரணும். ஜல்தி போ, மாத்திக்கினு வா.”

மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். புது மென்பொருளில் முடியைவிடப் பட்டு சுலபம். ஜரிகையை நெற்றிக்கு மேல் கொண்டுவந்து, விளக்கை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கீழே அம்மா அந்த வல்லம் பெண்ணின் வீடியோவை மறுபடி மறுபடி போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ‘அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க, அவசியம் குடும்பத்தோட வந்துடுங்க.’

“வர்றோம் வர்றோம்” என்றாள் அம்மா.